ஐந்தாமவள்

நான்கு பேர் ஆடும் ஆட்டம் இது.
நான் ஐந்தாவது.

உள்ளரங்கம் ஹாக்கிக்காரர்களிடம்,
எங்களுக்கு ஆறு.
முப்பத்திரண்டு மைனஸில்
விடியுமுன்னே வந்து நிற்போம் தூல் ஆற்றின் மேல்.
உலான்பாட்டரின் நிலக்கரிப் புகை
பாலத்துக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும் என்பார்கள்.
நிற்பதில்லை. கொஞ்சம் மெலியும், அவ்வளவுதான்.
ஆசியக் குளிர்காலப் போட்டிக்கு
இன்னும் நாற்பத்தொரு நாள்.

எங்கள் கருங்கற்கள்
தியான்ஜின் சுங்கத்தில்
யாரோ ஒருவரின் முத்திரைக்குக் காத்துக் கிடக்கின்றன.
அதுவரைக்கும்
பால் வாளியில் தண்ணீர் ஊற்றி
நடுவில் ஒரு கதவுக் கைப்பிடியைச் செருகி
ராத்திரி வெளியே வைத்தால்
காலையில் கல் தயார்.
என் குளியலறைக் கதவு
மூன்று வாரமாகக் கைப்பிடியின்றிக் கிடக்கிறது.

பனிக்கல் ஓடும். வளையாது.
மோதினால் இரண்டாகப் பிளந்து
ஒரு பாதி வட்டத்துக்குள் நிற்கும், ஒரு பாதி வெளியே.
"எந்தப் பாதிக்குப் புள்ளி?" என்றாள் ஹாலியுன்.
பயிற்சியாளர் புரெவ்ஜாவ்
நிஜமாகவே விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.

ஹாலியுன் எங்கள் தலைவி, டிராலிபஸ் ஓட்டுபவள்.
அவள் ஒரு சத்தம் போட்டால்
ஆற்றில் நடந்துபோகிறவர்கள்கூட ஓரம் ஒதுங்குகிறார்கள்.
துல்கூனுக்கு வங்கிக் கவுண்ட்டரில் வேலை.
கல்லை விடும் கடைசி நொடியில்
அவள் விரல்களில் நோட்டுக் கட்டை நீட்டும் தயக்கம்.
நொமுன்தாரியும் எங்ரீமாவும் உடன்பிறந்தவர்கள்,
இலையுதிர் காலத்திலிருந்து பேச்சில்லை.
ஒரு வாஷிங் மெஷின் விஷயம்.
ஆனால் கல்லுக்கு முன்னால் குனிந்து
துடைப்பத்தை அழுத்தித் தேய்க்கும்போது
நெற்றியும் நெற்றியும் முட்டுகிற தூரம்,
இரண்டு மூச்சும் ஒரே புகை.
கல் நின்றதும்
ஆளுக்கொரு பக்கம் திரும்பி நடப்பார்கள்.

நான் நிறுத்துக்கடிகாரம்.
கோட்டுக்குக் கோடு எத்தனை நொடி,
எழுதிக்கொள்வேன்.
பேனா உறைந்துபோகும். பென்சில்.
பதினான்கு புள்ளி இரண்டு. பதின்மூன்று புள்ளி ஒன்பது.
ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் நான் ஆடுவேன்.
நாலு பேருக்கும் கம்பளிக் கையுறை வாங்கிக் கொடுத்தது
நான்தான். அது வேறு.

பாலத்தின் மேல் லாரியை நிறுத்திய ஒருவன்
எட்டிப் பார்த்துக் கேட்டான்:
"என்ன தொலைச்சீங்க,
இப்படிப் பெருக்கித் தேடுறீங்க?"
யாருக்கும் பதில் தோன்றவில்லை.

பத்தொன்பது நாள் இருக்கையில்
கற்கள் வந்தன.
கோடரியால் பெட்டியைத் திறந்தோம்.
பதினாறில் ஒன்றுக்குக் கைப்பிடி இல்லை.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஒவ்வொன்றும் இருபது கிலோ.
முதல் கல்லை இறக்கியபோது
ஆறு அடிவயிற்றிலிருந்து முனகியது.
தள்ளினாள் துல்கூன்.
அது போனது, போய்க்கொண்டே இருந்தது,
வட்டங்களைத் தாண்டி, புரெவ்ஜாவைத் தாண்டி,
அக்கரைப் புதர்வரை.
வாளிக்கல்லுக்குப் பழகிய கை
நிஜக் கல்லுக்கு முன்
ஒன்றும் தெரியாத கை.
அன்று யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் சட்டைகள்.
நான்கின் முதுகில் பெயர்.
ஐந்தாவதில்
பெயர் இருக்கவேண்டிய இடம் வெறும் நீலம்.
அச்சகத்தில் மறந்திருப்பார்கள் என்றார்கள்.
மறந்திருப்பார்கள்.

அவர்கள் உப்புத் தேநீருக்கு வண்டிக்குள் போனபிறகு
ஒரு கல்லை எடுத்தேன்.
கத்த ஆளில்லை, தேய்க்க ஆளில்லை.
முட்டியை மடக்கி, சறுக்கி,
விட்டுவிட்டேன்.

இந்த ஆட்டத்தில் வட்டத்துக்கு வீடு என்று பெயர்.
கல் பாதி வழிவரை நேராகப் போனது,
பிறகு, யாரோ தோளைத் தொட்டதுபோல்,
மெல்ல இடப்பக்கம் திரும்பியது.
வீட்டின் ஓரத்தில் நின்றதா,
ஓரத்துக்கு வெளியிலா,
இங்கிருந்து தெரியவில்லை.

கையில் பார்த்தால்
கடிகாரம் பூஜ்யத்தில் இருந்தது.
அழுத்த மறந்திருக்கிறேன்.